சர்வே எடுக்கப் போன சம்பந்தியம்மா

பங்கஜவல்லியைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நான் கேசரியிலிருந்துதான் தொடங்குவேன். ஆனால் அவள் யார் என்று முதலில் சொல்லாவிட்டால் கேசரி உங்களுக்குப் புரியாது.

நானும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பிளஸ் டூ முடித்த கையோடு அவளைச் சுரக்குடியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வயல், மாடு, மாமியார் என்று வருஷங்கள் ஓடின. மகன் புகழேந்தி வேலைக்குப் போன பிறகுதான் அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் வாங்கினாள். மழைக்காலம் வந்தால் காரைக்காலுக்கு வந்து எங்கள் வீட்டு மாடியில் சில நாள் தங்குவாள். "உன்னப் பாக்கணும்போல இருந்துச்சு மெஹர்" என்பாள். சிநேகிதியைப் பார்க்க வருகிறவள் குக்கரையும் பட்டுப்புடவைகளையும் எதற்காகத் தூக்கி வர வேண்டும்? நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இந்த வருஷம் மே மாதம் ஒரு பல்கலைக்கழகம் இங்கே கோடைப் பள்ளி நடத்தியது. வெள்ளத்தையும் புயலையும் தாங்கிக்கொண்டு ஊர்கள் எப்படி நிலைத்து நிற்கின்றன என்று ஆராயக் கற்றுத்தரும் வகுப்பு. வந்தவர்கள் எல்லாம் எங்கெங்கோ ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள். உள்ளூர்க்காரர் ஒருவருக்கும் இடம் உண்டு என்றார்கள். பங்கஜம் விண்ணப்பித்தாள், கிடைத்துவிட்டது. கடைசி நாள் மேடையில் தன் ஆய்வை நன்றாகச் சொன்னால் ஒரு வருஷம் கள ஆய்வாளர் வேலையும் உண்டு. "அந்த வேலை மட்டும் கெடச்சிட்டா எனக்கு வேற எதுவும் வேணாம்டி" என்றாள். அவள் எதையும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

அவளுக்குக் கொடுத்த வேலை, அம்பகரத்தூரில் ஒரு தெருவில் வீடு வீடாகப் போய் வெள்ளத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டுவருவது. துணைக்கு என்னையும் இழுத்தாள். பஸ் ஏறுவதற்கு முன் ஆப்பிள் வாங்கினாள், ஸ்வீட் வாங்கினாள், மல்லிகைப்பூவும் வாங்கினாள்.

"சர்வேக்கு எவளாச்சும் பூ வாங்குவாளா?" என்றேன்.

"ஒருத்தர் வீட்டுக்கு வெறுங்கையோட எப்புடிடி போறது? நல்லா இருக்காது."

மாம்பழக் கலர் பட்டுப்புடவை வேறு. பல்கலைக்கழகத்தின் பேர் கெட்டுவிடக் கூடாதாம். கொடுத்திருந்த அடையாள அட்டை ஜரிகையில் சிக்குகிறது என்று கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கல்லில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

முதல் வீடு இளையபெருமாள் என்ற விவசாயியுடையது. பங்கஜம் பூவையும் பழத்தையும் நீட்டிவிட்டு, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி கேட்டாள். வீட்டில் எத்தனை பேர், சொந்த வீடா, நிலம் உண்டா, பிள்ளைகள் என்ன படித்திருக்கிறார்கள், மழைக்குத் தண்ணீர் உள்ளே வருமா.

"தண்ணியா? ஊரே முழுகுனாலும் எங்க வாசப்படி நனையாதுங்க" என்றார் இளையபெருமாள். அவர் மகள் பிரதீபா பளிச்சென்று புடவை கட்டி, கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள். என்ன மரியாதையான ஊர் என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன். அடுத்த வீட்டிலும் கேசரி. அதற்கடுத்த வீட்டில் பஜ்ஜியோடு சட்னியும் இருந்தது. ஒரு வீட்டிலும் தண்ணீர் வந்ததில்லை. பக்கத்து வீட்டிலும் வந்ததில்லை என்று ஆளுக்கு ஆள் சத்தியம் செய்தார்கள்.

மறுநாள் வகுப்பில் பேராசிரியை விஷ்ணுப்ரியா அவள் எழுதிவந்ததைப் படித்துவிட்டுத் திகைத்துப்போனார். "அம்மா, போன மழையில அந்தத் தெருவே தண்ணியில நின்ன படம் எங்கிட்ட இருக்கு. எப்படி ஒருத்தர்கூட வரலைன்னு சொல்றாங்க?"

பதில் அன்று சாயங்காலம் போனில் வந்தது. இளையபெருமாள்தான். "பொண்ணு ஜாதகத்த அனுப்பியிருக்கேங்க சம்பந்தியம்மா. பொருத்தம் பாத்துட்டு சொல்லுங்க."

அல்லாவே, நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பங்கஜம் புகழேந்திக்குப் பெண் தேடுகிறாள் என்பது சுரக்குடி, அம்பகரத்தூர் என்று திருநள்ளாறு வட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். அப்படிப்பட்டவள் பட்டுப்புடவையில் பூவும் பழமுமாகப் போய் நிலம் எவ்வளவு என்று கேட்டால் யார் என்ன நினைப்பார்கள்? சொல்லாமல் வீடு பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் என்றுதான் நினைப்பார்கள். தெருவில் ஒரு பெண்ணுக்கு நல்லது நடக்கும்போது அடுத்த வீட்டுக்காரர் மட்டும் தண்ணீர் வரும் என்று உளறுவாரா?

பங்கஜம் சிரிக்கவில்லை. "பொண்ண வச்சிருக்கவுங்க மனசுல ஆசைய மூட்டிட்டு வந்துட்டேனேடி" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மேடையேற ஒரு நாள்தான் இருந்தது. அந்த ஊரை விட்டுவிட்டு வேறு ஊரில் எழுதிக்கொள் என்றேன். கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நூல் புடவை, கழுத்தில் அட்டை, வெறுங்கை என்று போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் இளையபெருமாள் முகம் தொங்கிப்போயிற்று. உள்ளேயிருந்து பிரதீபா களுக்கென்று சிரித்தாள்.

"நல்லவேளைங்கம்மா, நான் பி.எட். சேரணும்னு இருக்கேன். அப்பா, அந்த பீரோவத் தள்ளுங்க. இனிமே மறைச்சு என்ன ஆவப்போவுது?"

பீரோவுக்குப் பின்னால் சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளத் தண்ணீரின் கறை நின்றது.

"தண்ணி ஏறுற வூடுன்னு தெரிஞ்சா எவனும் பொண்ணெடுக்க வர மாட்டாங்கம்மா. அதனாலதான் கணக்கெடுக்க வந்தாக்கூட இங்க ஒண்ணுமில்லன்னு சொல்லிடுறது" என்றார் அவர்.

பங்கஜம் பேனாவை எடுத்தவள்தான். பிறகு தெருவே திறந்துகொண்டது. எங்கே விதைநெல்லை ஏற்றினார்கள், மாட்டை எங்கே கட்டினார்கள், எந்தப் பெண்ணின் சம்பந்தம் எந்த மழையில் முறிந்தது என்று போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். சொல்லி முடித்ததும் சிரித்தார்கள். அன்று கேசரி இல்லை, வெறும் டீதான். அதுவே இனித்தது.

கடைசி நாள் மேடையில் பங்கஜம் ஒன்றையும் ஒளிக்கவில்லை. பூ வாங்கியது முதல் பஜ்ஜி வரை சொன்னாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கல்யாணத்துக்குப் பயந்து வெள்ளத்தை மறைக்கிறார்கள், அதனால் உதவி வர வேண்டிய வீட்டுக்கு உதவி வருவதில்லை என்று அவள் முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"உங்க ஊர்லயும் இப்படி மறைக்கிறாங்களாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். மகன் கல்யாணம் ஒரு பக்கம், அந்த வேலை ஒரு பக்கம்.

"மறைக்கிறாங்கங்க. எங்க வீட்டுக்குள்ளயும் தண்ணி வரும். பொண்ணு பாக்கப் போன எடத்துல எல்லாம் மாடி கட்டப்போறோம்னு சொல்லியிருக்கேனே தவிர, இத சொன்னதில்ல. இவ வீட்டு மாடியிலதான் ஒவ்வொரு மழைக்கும் நான் தங்குறேன். இவகிட்டகூட சொன்னதில்ல."

முதலில் கைதட்டியது நான்தான். வேலை அவளுக்கே கிடைத்தது. அன்றைக்கே புகழேந்தி போனில் கேட்டான்: "அப்ப இனிமே நமக்கு யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்களாம்மா?"

"குடுக்குறவுங்க தெரிஞ்சே குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்தால் பங்கஜம், கழுத்தில் அட்டை, கையில் அதே குக்கர், அதே பட்டுப்புடவை மூட்டை. இத்தனை வருஷம் சொன்னதைத்தான் சொல்லப்போகிறாள் என்று நான் நினைப்பதற்குள் அவளே சொன்னாள்.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டுது மெஹர். வடியிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குக்கரை வாங்கிக்கொண்டு, அவளை உட்காரவைத்து, கேசரிக்கு ரவையை வறுக்கப் போனேன்.