காவேரியின் திரையில் வந்த பெயர்

வேல்விழிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. காதுமடல் சிவக்கும், பேச்சு வேகமாகும், எதிரில் நிற்பவர் சொல்லி முடிக்குமுன் பதில் வந்து விழும். ஒரகடத்தில் லாரி ஆக்சில் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஐ.டி. அறையில் அவளுக்கு வேலை. அந்தச் சிவந்த காதுமடலை அங்கே பார்க்காதவர்கள் குறைவு.

சொந்த ஊர் கோவில்பட்டி. பாலிடெக்னிக் முடித்த கையோடு கான்ட்ராக்டில் சேர்ந்தவள். சிங்கப்பெருமாள் கோவிலில் நான்கு பெண்களோடு ஒரு வாடகை அறை. காலையில் கம்பெனி பஸ். பிரின்டரில் சிக்கிய பேப்பரை உருவுவது, கீபோர்டு மாற்றுவது, டோனர் போடுவது என்று போய்க்கொண்டிருந்தது பிழைப்பு.

2012 தொடக்கத்தில் கம்பெனி ஒரு முடிவெடுத்தது. இனி மென்பொருள் எதுவும் மேசைக் கம்ப்யூட்டர்களில் இருக்காது. எல்லாம் சர்வர் அறையில் ஓடும். முதலில் ஸ்டோர்ஸ் பிரிவை மாற்றினார்கள். மற்ற பிரிவுகளையும் மாற்றுவதற்கு முன் ஐ.டி. ஆட்களுக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்து வகுப்பெடுப்பதாக ஏற்பாடு. அழைக்கப்பட்டவர்களில் வேல்விழி இல்லை.

நேரே மேலாளர் கோபாலிடம் போய் நின்றாள்.

"சார், கம்ப்யூட்டர் நின்னா மொதல்ல என்னையத்தான கூப்புடுதாங்க? எனக்கே தெரியலன்னா நான் போயி என்னத்தப் பாக்க?"

"அது பெர்மனென்ட் ஸ்டாஃபுக்கு மட்டும்மா."

"அப்ப இனிமே பெர்மனென்ட் ஸ்டாஃபே ஓடிப்போயி பாக்கட்டும்."

கோபால் அவள் காதைப் பார்த்தார். பின்வரிசையில் உட்கார்ந்துகொள் என்றார்.

இதற்கிடையில் வேறொன்று நடந்துவிட்டது. ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் காவேரி பென்னலூர்க்காரி. இரண்டு வருடமாக வேல்விழியோடுதான் மதியச் சாப்பாடு. அவள் பூந்தமல்லியில் ஒரு பையனை விரும்பினாள். அந்த விஷயம் வேல்விழி ஒருத்திக்குத்தான் தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் அவனுக்கு மெயில் எழுதுவாள்.

ஒருநாள் ஸ்டோர்ஸ் மேலாளர் வனமாமலை, எல்லார் முன்னாலும், "என்ன காவேரி, ஆடி கழிஞ்சதும் பூந்தமல்லிதானா?" என்று கேட்டுச் சிரித்தார். அதோடு விடவில்லை. அசெம்ப்ளி லைனில் இருந்த அவள் அண்ணனைக் கூப்பிட்டு, பொறுப்பான பெரிய மனிதராக, விஷயத்தைச் சொன்னார். அன்று வீட்டில் காவேரிக்கு அடி விழுந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் கேன்டீனில் காவேரி தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். வேல்விழி பின்னாலேயே போனாள்.

"என்னட்டி ஆச்சு?"

"இன்னாவா? உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நீ போய் அந்த ஆளாண்ட ஊதிக்கினு வந்துட்டு, இப்ப இன்னா ஆச்சுன்னு கேக்குற?"

"நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல."

"அப்ப அவருக்குக் கனா வந்துச்சா? போய்டு. மூஞ்சில முழிக்காத."

வேல்விழி பாதிச் சோற்றைக் கொட்டிவிட்டு வந்தாள். செய்யாததற்குத் திட்டு வாங்கியது நெஞ்சில் எரிந்தது. காவேரியின் வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டதால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

அந்த எரிச்சலோடுதான் வகுப்பில் உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை.

"மென்பொருள் இந்தக் கம்ப்யூட்டர்லயே இல்லன்னா, நான் பாக்குறது என்னது சார்?"

"அதோட படம். நீங்க தட்டுறதெல்லாம் சர்வருக்குப் போகுது. அங்க மாறுன படம் உங்ககிட்ட திரும்பி வருது. அவ்வளவுதான்."

அது விளங்கியதும் மற்றவை வரிசையாக வந்தன. எந்தப் பிரிவுக்கு எந்த மென்பொருள் தெரிய வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது, உறைந்துபோன ஒருவருடைய வேலையை மூடிவிட்டுத் திரும்பத் திறப்பது. ஒரு தப்பான க்ளிக்கில் ஸ்டோர்ஸின் பிரின்டர்கள் அத்தனையையும் காணாமலடித்து, போனில் வசவு வாங்கினாள்.

பிறகு ஆசிரியர் இன்னொன்றைக் காட்டினார். யாராவது உதவி கேட்டால், இங்கிருந்தபடியே அவருடைய திரையைத் திறந்து பார்க்கலாம். "ஆனா அவங்க திரையில முதல்ல ஒரு பெட்டி வரும். இன்னார் பார்க்க விரும்புறார், சம்மதமான்னு கேட்கும். அந்தக் கேள்வி வராம நிறுத்தவும் வழி இருக்கு. நிறுத்தாதீங்க. தெரியாம பார்க்கிறது திருட்டு மாதிரி."

பின்வரிசையில் காதுமடல் சிவந்தது.

வகுப்பு முடிந்ததும் சர்வரைத் திறந்தாள். அதன் கடவுச்சொல் அவளிடம் இருந்தது. சனிக்கிழமை வேலைகளை அவள் தலையில் கட்டுவதற்காகக் கோபால் கொடுத்தது. ஸ்டோர்ஸ் பிரிவுக்கு மட்டும் சம்மதம் கேட்பது நிறுத்தப்பட்டிருந்தது. திரைகளைப் பார்க்கும் உரிமை ஐ.டி. ஆட்கள் தவிர இன்னொருவருக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. வனமாமலைக்கு.

கதவைத் தட்டாமலே கோபாலின் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், ஸ்டோர்ஸ் பொம்பளைப் பிள்ளைங்க திரைய அந்தாளு உக்காந்து பாத்துட்டிருக்காரு. யாரு குடுத்தா இதை?"

"கேட்டார், கொடுத்தேன். வேலை நடக்குதான்னு பார்க்கணுமாம். கம்பெனி கம்ப்யூட்டர்தானே?"

"வேலையவா பாத்தாரு? அவ மெயிலப் படிச்சு அண்ணங்காரன்கிட்ட வத்தி வச்சிருக்காரு. அடி வாங்கிட்டு வந்து நிக்கா சார் அவ. பழி எம்மேல."

"வேல்விழி, நீ கான்ட்ராக்ட். அதை ஞாபகம் வெச்சிக்கிட்டுப் பேசு."

"ஞாபகம் இருக்கு சார். உங்களுக்குத்தான் நாங்களும் மனுசங்கன்னு ஞாபகம் இல்ல."

தன் மேசைக்கு வந்தாள். வனமாமலையின் உரிமையைப் பறித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பறித்தால் கோபால் திரும்பக் கொடுத்துவிடுவார், யாருக்கும் எதுவும் தெரியாது. அதை அப்படியே விட்டாள். நிறுத்தி வைத்திருந்த கேள்வியை மட்டும் திரும்ப ஓடவிட்டாள்.

மறுநாள் காலை ஸ்டோர்ஸ் பெண்கள் வேலையைத் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. காவேரியின் திரை நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. வனமாமலை உங்கள் திரையைப் பார்க்க விரும்புகிறார். சம்மதமா?

"இன்னாடி இது, சார் பேரு வருது?" என்றாள் காவேரி. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். சற்று நேரத்தில் அவள் திரையிலும் அதே பெட்டி. பிறகு அடுத்தவளுக்கு.

காவேரி ஸ்டோர்ஸ் போனிலிருந்து ஐ.டி. அறையைக் கூப்பிட்டாள். எடுத்தது வேல்விழி.

"இதுக்கு இன்னா அர்த்தம்?"

"இத்தன நாளும் கேக்காமப் பாத்தாரு. இன்னைக்குக் கேட்டுட்டுப் பாக்காரு. அதான் அர்த்தம்."

காவேரி ரிசீவரை மேசையில் வைத்தாள். பிறகு நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் ஓசை கேட்டது. ஸ்டோர்ஸ் பெண்கள் மொத்தமாக எழுந்து வனமாமலையின் கேபினுக்குப் போனார்கள். காவேரி முன்னால் போனாள்.

"எங்க அண்ணங்கிட்ட சொன்னியே, உன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லு, ஆபீஸ்ல இன்னா பாத்துக்கினு உக்காந்துகீறன்னு."

அன்று மதியம்வரை ஸ்டோர்ஸில் ஒரு சரக்குப் பெட்டிகூட நகரவில்லை. அசெம்ப்ளி லைன் நிற்கும் நிலைமை வந்தபிறகுதான் ஹெச்.ஆரிலிருந்து ஆள் வந்தது. விசாரணை என்றார்கள். முடிவில் வனமாமலையை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள், அதே பதவியில். கோபால் இருந்த இடத்திலேயே இருந்தார். வேல்விழியின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டாள். ஆள் குறைப்பு என்றார்கள். அவள் இடத்துக்கு மறுவாரமே வேறு ஆள் வந்தது.

கடைசி நாளில் காவேரி கேட்டருகே வந்து நின்றாள்.

"தப்பா நென்ச்சிட்டேன்டி. மன்ச்சிக்க."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லட்டி நீ," என்றாள் வேல்விழி. பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஆவணி முடியுமுன் காவேரி பூந்தமல்லிக்கே போய்த் தாலி கட்டிக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகை வந்தும் வேல்விழி போகவில்லை.

அடுத்த வேலைக்கு நேர்முகத்தில், முந்தைய இடத்தை ஏன் விட்டாய் என்றார்கள். நடந்ததைச் சொன்னாள். இரண்டு கம்பெனிகள் அதோடு அனுப்பிவிட்டன. ஸ்ரீபெரும்புதூரில் மூன்றாவது ஒன்று எடுத்துக்கொண்டது, இம்முறை நிரந்தரமாக. 2015-இல் நானூறு பேரின் திரைகள் அவள் பொறுப்பில் இருந்தன.

அங்கேயும் ஒரு மேலாளர் வந்தார். தன் பிரிவுக்கு மட்டும் அந்தச் சம்மதப் பெட்டி வேண்டாமே என்றார்.

"எதுக்கு வேண்டாம்னு மெயில் போடுங்க சார். உங்க பிரிவு ஆளுங்க எல்லாருக்கும் காப்பி வச்சுப் போடுங்க," என்றாள்.

அந்த மெயில் வரவில்லை.