ராட்டினத்தைப் பரிசோதித்தவர்

இன்று மாலை காக்களூர் பக்கம் போட்டிருக்கும் பொருட்காட்சிக்குத் தங்கை மகளுடன் போயிருந்தேன். நான் சுதாரிப்பதற்குள் ராட்சத ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு முன்னாலிருந்த தடுப்புக் கம்பிக்குக் கொக்கி இல்லை. நைலான் கயிற்றால் கட்டினார்கள்.

"இத யாராவது செக் பண்ணாங்களா?" என்று ராட்டினக்காரரிடம் கேட்டேன்.

"இன்னாம்மா இப்டி கேக்கற? செக் பண்ண சாரே அதோ பஜ்ஜி துன்னுகினு கீறாரு. அவராண்ட கேளும்மா."

போய்க் கேட்டேன்.

"நான் கரண்ட்டு மட்டும்தான் மேடம். ஒயரு, மோட்டாரு எல்லாம் பக்கா."

"கம்பி, போல்ட்டெல்லாம்?"

"அத பில்டிங் இன்ஜினியர் பாத்திருப்பாரு."

"பில்டிங் சுத்தாதே சார்?"

"சுத்தாதுதான்" என்று சிரித்தார்.

அதற்குள் அவருடைய மகள் ஓடி வந்தாள். "அப்பா, நானும் ராட்டினம் ஏறட்டா?"

"அதெல்லாம் வேணாம்மா. ஐஸ் வாங்கித் தரேன் வா."

நான் ராட்டினத்துக்குத் திரும்பி ஓடினேன். அதைக் கிளப்பும் முன் எங்கள் பெண்ணை இறக்கிவிட்டேன். "மானத்த வாங்கிட்ட பெரியம்மா" என்றாள்.

காலியான இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் ஏறினார்கள். அவர்களிடமும் கயிற்றைக் காட்டினேன். "எல்லாரும் ஏறிக்கினுதான கீறாங்க? நீ வேற பேஜாரு பண்ணாதக்கா" என்றாள் அந்தப் பெண்.

ராட்டினச் சான்றிதழில் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்: 'இதில் என் பிள்ளையை ஏற்றுவேன்.'

எத்தனை கையெழுத்து விழும் என்று நினைக்கிறீர்கள்?