நூற்றொன்றும் நூற்றுப் பதினாறும்

1. பலமனேரில் ஒரு கடன் நிறுவனம் பறிமுதல் செய்து வைத்திருந்த பழைய சரக்கு வேன் ஆன்லைன் ஏலத்துக்கு வந்தது.
2. புத்தலப்பட்டிலிருந்து நைனா, என் அப்பா, பஸ் ஏறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.
3. பெங்களூரில் வேலை செய்யும் நான் லீவில் வந்து, அவர் பெயரில் முன்பணம் கட்டி, ஏலத் தொகையைப் பதிந்தேன்.
4. தோற்றோம்.

நைனா இருபது வருடமாக அடுத்தவர் வண்டியில் சித்தூருக்கும் திருப்பதிக்கும் தக்காளி ஏற்றிப் போகிறவர். சொந்த வண்டி ஒன்றைத் தவிர வேறெதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஏல விதி எளிது. ஒருவர் ஒரே முறைதான் கேட்கலாம். மற்றவர் கேட்டது முடியும்வரை தெரியாது. அடிவிலைக்குக் குறையாமல் யார் அதிகம் கேட்டாரோ அவருக்கு வண்டி. தொகை சமமானால் முதலில் பதிந்தவருக்கு. அடிவிலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.

“ரெண்டாயிரம் ஏத்தட்டா நைனா?”

“இன்னாத்துக்கு? அந்த இன்ஜின் சத்தத்தக் கேட்டா எவனும் கிட்ட வரமாட்டான். வெறும் பெல்ட்டுதான் அது, எனக்குத் தெரியும். அடிவெலைக்கு மேல நூத்தி ஒண்ணு போடு, மொய் வெக்கிற மாதிரி.”

அம்மா வெங்காயம் அரிந்துகொண்டே, “நூத்திப் பதினாறு போடேன்யா. தெலுங்குக்காரங்க வூட்டுக் கல்யாணத்துக்கு அப்டித்தான எழுதினு வர?” என்றாள்.

“அது அவுங்க வூட்டுக்கு. இது நம்ம வூட்டு வண்டி.”

நூற்றொன்று என்றே பதிந்தேன்.

மாலை நான்கு மணிக்கு முடிவு வந்தது. கேட்டவர்கள் இரண்டே பேர். முதலிடம் 2,40,116. இரண்டாமிடம் 2,40,101.

அம்மா சிரிக்கத் தொடங்கி, நைனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“ரெண்டு டீ காசும்மா,” என்றார் அவர்.

அலுவலகத்தில் நான் எழுதும் புரோகிராம்களும் இப்படித்தான் வரிசைப்படுத்தும். முதலில் தொகை, பிறகு நேரம். இன்ஜின் சத்தத்தில் பெல்ட்டைக் கண்டுபிடித்தவர் யார் என்பதற்கு அதில் இடமில்லை.

வண்டியை எடுத்தவர் பலமனேர் தக்காளி வியாபாரி. விலை மலிவு என்று எடுத்தவருக்குச் சத்தம் பிடிபடவில்லை. சந்தையில் விசாரித்திருக்கிறார், எல்லோரும் நைனாவைக் காட்டியிருக்கிறார்கள். நைனா போய் பெல்ட்டை மாற்றினார். சத்தம் நின்றது. “அண்ணா, மீரே நடப்பண்டி,” என்று சாவியைக் கையில் கொடுத்தாராம் வியாபாரி. நீங்களே ஓட்டுங்கள் என்று.

“எதுத்து ஏலம் கேட்டது நீதான்னு சொன்னியாய்யா?” என்று அம்மா கேட்டாள்.

“சொல்லி இன்னா பண்றது? சாவிய திருப்பி வாங்கிக்குவான்.”

முன்பணம் முழுதும் திரும்பி வந்துவிட்டது. அந்த வண்டியை இப்போது நைனாதான் மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். ஆர்.சி. புத்தகம் வியாபாரி பெயரில் இருக்கிறது.