கனகாவின் மடியில் வைத்த குழந்தை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் வாயில் ஒரு வார்த்தைகூட இல்லாத நாளில் அவர் எனக்குத் துணை நின்றதைச் சொல்ல வந்தேன்.

சுரங்கத்தை மூடிவிடுவார்கள் என்று கோலார் தங்கவயல் முழுக்கப் பேச்சாக இருந்த சமயம் அது. அங்கே சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் எங்கள் வீடு. நான் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். ஒரு மழைநாள் காலையில், கடைவீதிப் பாத்திரக்கடைக்காரர் மனைவி கனகாவுக்குத் தலைப்பிரசவம். மாதம் நிறைந்த குழந்தை. மூச்சில்லாமல் பிறந்தது.

டாக்டர் கனகாவின் கணவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பிரசவத்துக்குப் போய்விட்டார். நாங்கள் யாரும் கனகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசி போடுவோம், நகர்ந்துவிடுவோம். கல்மனசு இல்லை. பயம். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன பேசுவது என்று பயிற்சியில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்துக் கட்டில் குழந்தை அழும்போதெல்லாம் அவள் சுவர்ப்பக்கம் சுருண்டுகொண்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இந்த வேலையே வேண்டாம் என்று தோன்றியது. துணி வைக்கும் அறைக்குள் போய் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவகிட்ட போக என்னால முடியல. ஒரே ஒரு வார்த்தை குடுங்க" என்று கெஞ்சினேன். ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை. வானம் அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. அழுதுவிட்டு எழுந்தேன். ஆனாலும் கால் அவள் கட்டிலுக்குத்தான் போனது. என்னை நடத்தியது நானல்ல.

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். "இன்னா சொல்றதுன்னே எனக்குத் தெரியலம்மா," என்றேன்.

அப்போதுதான் அவள் திரும்பினாள். "இன்னா கொழந்த, சிஸ்டர்?"

அதைக்கூட யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"பொண்ணும்மா."

"நான் பாக்கலாமா?"

பார்த்தால் தாங்கமாட்டாள், சீக்கிரம் எடுத்துவிடுங்கள் என்று அவள் மாமியார் சொல்லியிருந்தார். நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, சரி என்றார். குழந்தையை வெந்நீரில் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, கனகாவின் மடியில் வைத்தேன். காதைத் தொட்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு வார்டே கலங்க அழுதாள். வாசலில் நின்ற கணவரும் உள்ளே வந்து அவளோடு சேர்ந்து அழுதார். நான் எழுந்து போகவில்லை.

அதற்குப் பிறகு அப்படிப்பட்ட கட்டிலைத் தாண்டி நான் நடந்ததில்லை. பயம் இன்றும் வரும். பயத்தோடே போய் உட்காருவேன். புதிதாக வரும் நர்ஸ்களையும் கூட்டிப் போகிறேன்.

சில மாதம் கழித்து அவர்கள் கடைக்குக் குக்கர் வாங்கப் போனேன். கனகா கல்லாவில் இருந்தாள். பக்கத்திலிருந்த உறவுக்காரப் பெண்ணிடம் என்னைக் காட்டி, "எம்பொண்ணப் பாத்தவங்க இவங்க," என்றாள்.

நான் கேட்ட வார்த்தையை ஆண்டவர் தரவில்லை, என்னையே அனுப்பினார். அவருக்கே ஸ்தோத்திரம். பேசத் தெரியாது என்று துக்கப்படுகிறவர்களின் வாசலிலேயே நின்றுவிடாதீர்கள், பிரியமானவர்களே. அவரை நம்பி உள்ளே போங்கள்.