கோவிந்தம்மா மாட்டிய சிவப்பு அட்டை

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில் கோவிந்தம்மாவிடம் திட்டு வாங்காத ஆள் என்று ஒருவரைக் காட்டுங்கள். அவர் நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்திருப்பார். சாம்பார் தண்ணியாக இருந்தால் கேன்டீன் மாஸ்டருக்குத் திட்டு. கம்பெனி பஸ் நிறுத்தம் தாண்டிப் போய் நின்றால் டிரைவருக்குத் திட்டு. நான் வாங்கியதற்குக் கணக்கே கிடையாது. அந்த வாய் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும் என்று நான் இப்போது சாமி கும்பிடும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

கோவிந்தம்மா அக்காவுக்கு ஊர் பக்கத்துச் சேரப்பணஞ்சேரி. பிறந்ததும் அங்கேதான், வாக்கப்பட்டதும் அங்கேதான். நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவர், கம்பெனிகள் வந்ததும் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தார். இப்போது மூன்றாவது லைனின் கடைசி மேஜையில் பேக்கிங். கார் விளக்குகளைப் பெட்டியில் அடைத்து லேபிள் ஒட்டுவார். அந்த லேபிளை அடிக்கிற கம்ப்யூட்டர் அவர் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். ஊர் சங்கரன்கோவில் பக்கம். பெயர் மகாராஜா, குடியிருப்பது குன்றத்தூரில் ஒற்றை அறையில். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

என் மனைவி செல்வலட்சுமியும் நானும் இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டவர்கள். அவள் உண்டான செய்தி தெரிந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஏழாம் மாதம் டாக்டரம்மா சொன்னார்: "நஞ்சுக்கொடி கீழ இறங்கியிருக்கு. எப்ப வேணா ரத்தப்போக்கு வரலாம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. பக்கத்துல எப்பவும் ஆள் இருக்கணும்." நான் வேலைக்குப் போனால் அவளுக்கு ஆள் இல்லை. போகாவிட்டால் வேலை இல்லை, நான் கான்ட்ராக்ட். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அது நான்தான்.

எங்கள் சூப்பர்வைசர் மதிவதனிதான் மேனேஜரிடம் பேசினார். கம்ப்யூட்டர் வேலைதானே, வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று. மேனேஜர் அரை மனதாகத் தலையாட்டினார்.

என்னிடம் இருந்தது யாரோ கழித்துப்போட்ட லேப்டாப். விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்குகிறது என்று லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன். லைனில் இருப்பதோ விண்டோஸ். இது சொன்னால் அது கேட்குமா என்று எனக்கே சந்தேகம். நடுவில் ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்றைப் போட்டு, கம்பெனி ஐடி ஆட்களும் வழி திறந்துவிட்டதும், மூன்றாவது லைனின் திரை அப்படியே என் அடுப்படிக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் ரசம் நுரை கட்ட, மறுபக்கம் ஒரகடத்து மவுசை நான் குன்றத்தூரிலிருந்து நகர்த்தினேன். கட்டிலில் படுத்தபடி செல்வி பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

ஒரு சங்கதி மட்டும் யாருக்கும் தெரியாது. நான் இங்கிருந்து உள்ளே போனால் அங்கே திரை பூட்டிக்கொள்ளும், பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு சும்மா நிற்கும். முதல் வாரமே வினை வந்தது. லேபிள் விவரங்களை நான் சரிசெய்துகொண்டிருக்கும்போது இணைப்பு பட்டென்று அறுந்தது. காரணம் அங்கே இருந்தது: திரை பூட்டிக் கிடப்பதைப் பார்த்த கோவிந்தம்மா, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். விவரமெல்லாம் கெட்டு, லைன் நின்றது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆள் போடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். லைனுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. சூப்பர்வைசர் மேஜை போனுக்கு அடித்து அக்காவைக் கூப்பிடச் சொன்னேன்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கிய? நான் உள்ள வேலை பாத்துக்கிட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்குப் பிளக்கைப் பிடுங்குதிய!"

பதிலுக்கு வசவுதான் வரும் என்று காதைத் தள்ளிப் பிடித்தேன். வரவில்லை. குரலே மாறியிருந்தது.

"உள்ள இருந்தியா நீ?"

"ஆமா!"

"ஐயோ... கைல கால்ல ஒண்ணியும் படலியே?"

கிண்டல் என்றுதான் நினைத்தேன். இல்லை. அக்கா நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தார் என்று மதிவதனி பிறகு சொன்னார். காரணமும் சொன்னார். முன்பு வேறொரு கம்பெனியில் பெருக்கிக்கொண்டிருந்தபோது, நின்றிருந்த கன்வேயரை யாரோ போடச் சொல்ல, இவர் சுவிட்சைப் போட்டிருக்கிறார். உள்ளே ஒரு ஃபிட்டர் கை விட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் பிழைத்தார், விரல்கள் போய்விட்டன. இவர்மேல் தப்பே கிடையாது. ஆனாலும் அன்றிலிருந்து, "உள்ள யார்னா கீறீங்களா?" என்று கத்தாமல் இவர் எந்தச் சுவிட்சையும் தொடுவதில்லை. வீட்டில் மிக்சிக்குக்கூட அப்படித்தான் கேட்கிறாள் என்று புருஷன் கண்ணப்பன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாராம். கம்ப்யூட்டருக்குள் ஆள் இருக்கும் என்று மட்டும் அக்காவுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

என் கோபம் போன இடம் தெரியவில்லை. "அக்கா, எனக்கு ஒண்ணும் ஆகல. நான் குன்றத்தூர்ல வீட்லல்லா இருக்கேன்" என்றேன்.

"ஒடம்பு அங்க கீது. கை இங்கதான கீது? சொல்லிட்டு வர மாட்டியா, பேமானி!"

திட்டு வந்துவிட்டது. மனசு ஆறியது.

மறுநாளிலிருந்து அக்கா ஒரு சட்டம் போட்டார். எங்கள் கம்பெனியில் ஏற்கெனவே ஒரு விதி உண்டு: மெஷினைப் பிரித்து வேலை செய்கிறவர் தன் படமும் பெயரும் உள்ள சிவப்பு அட்டையைச் சுவிட்சில் மாட்ட வேண்டும். மாட்டியவர் சொல்லாமல் வேறு யாரும் கழற்றக் கூடாது, முதலாளியே வந்தாலும். என் அட்டை பலகையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நான் போன் செய்து "உள்ள வரேன்க்கா" என்றால், அக்கா அதைக் கம்ப்யூட்டர் சுவிட்சில் மாட்டுவார். "வெளிய வந்துட்டேன்" என்றால் கழற்றி, நான் சொல்லிக்கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டுத் திரையைத் திறப்பார். "மகாராஜா உள்ள உக்காந்துகினுகீறாரு, ஆலம் சுத்துங்கடி" என்று லைனே கேலி பண்ணியது. அக்கா சட்டை செய்யவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட லைன் நிற்கவில்லை.

செல்விக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது. அன்று பழைய லேபிள் விவரங்களை எல்லாம் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை. ஓட விட்டால் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் அணைத்தால் எல்லாம் போச்சு. "உள்ள வரேன்க்கா" என்று சொல்லி மதியம் ஓட விட்டேன். கொஞ்ச நேரத்தில் செல்வி கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தால் போர்வையெல்லாம் ரத்தம். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, தெருமுனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். போன் கட்டிலிலேயே கிடந்தது. கையெழுத்து, ரத்தம், ஆபரேஷன் தியேட்டர் கதவு. கம்ப்யூட்டரும் லைனும் என் நினைப்பிலேயே இல்லை.

ஒரகடத்தில் நடந்ததை மதிவதனி சொல்லித்தான் தெரியும். முதல் ஷிப்ட் முடிகிற நேரம் மேனேஜர் வந்திருக்கிறார். லாரி காத்திருக்கிறது, திரை பூட்டிக் கிடக்கிறது. எனக்கு அடித்துப் பார்த்தால் எடுக்க ஆளில்லை.

"ஹேங் ஆயிடுச்சு போல. ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடுங்க" என்றாராம்.

கோவிந்தம்மா சுவிட்சை மறைத்து நின்றுகொண்டார். "ஆளு உள்ள கீது சார். வெளிய வந்தேன்னு இன்னும் சொல்லல."

"அவர் வீட்ல இருக்காரும்மா."

"எங்கனா இருக்கட்டும் சார். அவர் அட்டை தொங்குது. நான் கயட்ட மாட்டேன். நீங்க வோணா கயட்டிக்கோங்க."

மேனேஜர் அட்டையில் இருந்த என் படத்தைப் பார்த்தாராம். அந்த அட்டை விதியை வருஷா வருஷம் மைக் பிடித்துச் சொல்கிறவரே அவர்தான். "ரெண்டாவது லைன் பிரிண்டர்ல அடிச்சு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரும் நல்ல மனுஷர்தான்.

பொழுது சாய்கிறபோது பெண் குழந்தை பிறந்தது. செல்வி கண் திறந்து என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு லைன் ஞாபகம் வந்தது. பிளக்கைப் பிடுங்கியிருந்தால் வேலை போச்சு. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவேன்? இரண்டாவது ஷிப்ட் ஓடுகிற நேரம், அக்கா போய் எத்தனையோ நேரம் ஆகியிருக்கும். வராண்டாவில் நின்றவரிடம் போன் வாங்கி மேஜை எண்ணுக்கு அடித்தேன்.

"அல்லோ, மூணாவது லைன்."

கோவிந்தம்மா குரல்.

"அக்கா, நான் மகாராஜா..."

"எங்கடா தொலஞ்ச? செல்விக்கு இன்னாச்சு?"

"பொம்பளப் புள்ளக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ."

"குன்றத்தூர் முருகா!" அவர் லைன் முழுக்கக் கேட்கும்படி சேதியைக் கத்த, அங்கே கை தட்டினார்கள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ராஜா, நீ இன்னும் உள்ளதான் கீறியா, வெளிய வந்துட்டியா?" என்றார்.

"வந்துட்டேன்க்கா. அட்டையக் கழட்டிட்டு, பாஸ்வேர்டு போட்டு, திரையில என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீட்டா ஒரு கட்டம் கீதுபா. பச்சையா ரொம்பிக்கிது. இந்தக் கோடிலேந்து அந்தக் கோடி வரிக்கும்."

முடிந்திருக்கிறது. ஒன்றும் போகவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, உங்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்தானே? இன்னும் போகலியா?"

"எப்டிபா போறது? இந்த ஷிப்ட்டு வந்ததெல்லாம் புதுப் பசங்க. நீ உள்ள இருக்கசொல்ல எவனாவது பிடுங்கிட்டான்னா?" கொட்டாவி விட்டார். "செரி, வெளிய வந்துட்டல்ல. நான் வூட்டுக்குக் கெளம்பறேன். நீ எதுனா துன்னியா?"

வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. பெற்றவர்கள் ஒருவரும் வராத அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில், தின்றாயா என்று என்னைக் கேட்டது அவர் ஒருவர்தான்.