மங்கலாகத் தெரிந்த வெங்காயத் தோல்

ஓய்வு பெற்ற ஆசிரியனைத் தேர்வு நடத்த மட்டும் மறக்காமல் கூப்பிடுவார்கள். திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில், நுண்ணோக்கிச் செய்முறைத் தேர்வில்தான் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். மலையோர ஊரான வித்துராவிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்திருந்தது. இதில் தேறினால்தான் அவருடைய லேப் வேலை நிரந்தரமாகும்.

மற்றவர்கள் எடுத்த எடுப்பிலேயே பெரிய லென்ஸைத் திருப்பி, கண்ணை வைத்துக்கொண்டே ஸ்லைடு இருக்கும் மேடையை ஏற்றினார்கள். லென்ஸ் முட்டி ஸ்லைடுகள் நொறுங்கின. இவர் சிறிய லென்ஸில் தொடங்கினார். லென்ஸை மாற்றும்போதெல்லாம் கன்னம் மேசையில் படக் குனிந்து, அது கண்ணாடியில் முட்டவில்லையே என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டார்.

"சாரே, வந்து நோக்குங்க."

நோக்கினேன். ஒரே பனிமூட்டம்.

"ஒண்ணும் தெளிவா இல்லையேம்மா."

"எனக்கு நல்லாத் தெரியுது சாரே. உங்க கண்ணுக்கு ஏத்தபடி சின்னத் திருகுக் குமிழை லேசாத் திருப்பிக்கோங்க, கேட்டோ."

தேர்வு நடத்துபவர் கருவியில் கை வைக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. ஆளுக்கு ஆள் கண் மாறும் என்பது அதற்கும் மூத்த விதி. திருப்பினேன். வெங்காயச் செல்கள் செங்கல் சுவர் போலத் தெளிந்து நின்றன. முழு மதிப்பெண் போட்டேன்.

அவருக்கு அது உண்மையிலேயே தெளிவாகத் தெரிந்ததா? அதைச் சோதிக்கும் செய்முறை எனக்கும் தெரியாது.