வரியைக் கூட்டச் சொன்னவள்

எனக்குக் கோபம் வந்தால்தான் ஜெர்மன் ஒழுங்காக வரும். மற்ற நாட்களில் பேக்கரியில் பாண் கேட்பதற்குக்கூட வசனத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். ஆனால் யாராவது என்னைச் சீண்டிப் பார்க்கட்டும், தடை இல்லாமல் கொட்டும். எங்கள் ஊரைப் பக்கத்து நகரத்தோடு சேர்ப்பதா வேண்டாமா என்று விளையாட்டு மண்டபத்தில் கூட்டம் வைத்த அன்று, ஒரு கனவான் என்னைச் சீண்டினார். அவருக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் சின்னது. ஒரு தேவாலயம், ஒரு சுப்பர்மார்க்கெட், தீயணைப்புப் படைக்கு ஒரு கொட்டகை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம். பஸ்ஸில் ஏறினால் சற்று நேரத்தில் நகரம் வந்துவிடும். ஆனாலும் எங்களுக்கென்று தனி நகரசபை, தனி மேயர், தனி வரி. குளத்தின் கூரை ஒழுகத் தொடங்கியதோடுதான் பிரச்சினை ஆரம்பித்தது. கூரையையும் கொதிகலனையும் மாற்ற ஊரிடம் பணம் இல்லை. மேயர் இரண்டு வழி சொன்னார். நகரத்தோடு சேர்ந்தால் வீட்டுக்கும் நிலத்துக்கும் நாங்கள் கட்டுகிற வரியைச் சில வருடங்களுக்குக் கூட்டமாட்டார்கள், ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்கள். ஆனால் குளத்தை மூடிவிடுவார்கள், நகரத்தில் பெரிய குளம் இருக்கிறதாம். தனியாகவே இருந்தால் குளம் இருக்கும். ஆனால் வரி கூடும். ஊர் மக்களே வாக்குப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார்கள்.

என் கணவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. பண்டகசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிற மனிதர். தள்ளுபடித் துண்டுப் பத்திரிகையைப் பார்க்காமல் ஒரு வெங்காயம் வாங்கமாட்டார்.

"இஞ்சரும், சிற்றியோட சேர்ந்தால் வரி கூடாது. சேராட்டில் கூடும். இதில மண்டையை உடைக்க என்ன கிடக்கு?"

"அப்ப குளம்?"

"மூடினால் மூடட்டுமன். அங்க பெரிசு இருக்குத்தானே."

"அங்க ஆர் எனக்குப் பழக்கிறது? காத்திருக்கிற ஆக்களே ஒரு வருசத்துக்கு நிக்கினம்."

"ஐம்பத்திமூண்டு வயதில நீந்திப் பழகி நீர் என்ன, ஒலிம்பிக்குக்கே போகப்போறீர்?"

வந்ததே எனக்குக் கோபம்! கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"கோயில்ல ஐஞ்சாம் திருவிழா உபயத்துக்கு ஆரும் உங்களுக்கு வரியெண்டு கடிதம் போட்டவையே? நீங்களா முந்திக்கொண்டு போய்க் குடுத்தனீங்கள். மேளக்காரரும் ரெண்டு கூட்டம் வேணுமெண்டு நிண்டனீங்கள். அப்ப மட்டும் கணக்குப் பார்க்கேல்லை."

"அது சாமி காரியம்."

"இது என்ர காரியம்!"

அவர் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்துவிட்டார். நானும் விடவில்லை, இரண்டு நாளைக்கு வெறும் பருப்பும் சோறும்தான் போட்டேன்.

என்ன பெரிய காரியம் என்று நீங்களும் கேட்கலாம். சொல்கிறேன். நான் கடற்கரைக்குப் பக்கத்தில் பிறந்தவள்தான். அண்ணன்மார் கடலில் குதித்து விளையாடும்போது பெண்பிள்ளைகள் நாங்கள் கரையில் நின்று அவர்களுடைய சட்டையைக் காவல் காத்தோம். பிறகு சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வெளியேறும்போது கடல்நீரேரியைப் படகில் கடக்க வேண்டி வந்தது. படகில் இடம் இல்லாமல் ஆட்கள். என் கை படகின் விளிம்பை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தது, இறங்கிய பிறகும் விரலை விரிக்க முடியவில்லை. கவிழ்ந்தால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். இங்கே வந்து வேலை, பிள்ளைகள், வீடு என்று ஓடியபோதும் அந்தப் பயம் போகவில்லை. குளிக்கும் தொட்டியில்கூடத் தண்ணீரைப் பாதிக்கு மேல் விடமாட்டேன்.

பிள்ளைகள் இருவரும் வேலை என்று வேறு ஊருக்குப் போன பிறகு, வியாழக்கிழமைகளில் பெரிய பெண்களுக்கு நீச்சல் பழக்குகிறார்கள் என்று குளத்து வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். முழங்கால் வரை மூடும் நீச்சல் உடை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பழக்குகிற அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். சிரிக்கவே மாட்டார். முதல் நாள் நான் கம்பியைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தார். மூக்குக்குள் தண்ணீர் போய், அழுது, திட்டி, மறுபடி போய், ஒருநாள் குளத்தின் பாதிவரை நீந்தினேன். பாதிக்கு அப்பால் ஆழம். அங்கே போனதும் கை தானாகப் பக்கத்துச் சுவரைத் தேடும். அந்த மற்றப் பாதிதான் எனக்கு வேண்டும். அதைத்தான் மூடப்போகிறோம் என்றார்கள்.

கூட்டத்துக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. இருக்கை போதாமல் சுவரோரம் உடற்பயிற்சி வாங்குப் பலகைகளிலும் இருந்தார்கள். நான், என் பக்கத்தில் என் கணவர், எங்களுக்கு முன்னால் வியாழக்கிழமைப் பெண்கள். கை உயர்த்தியவர்களுக்கு மைக் போனது. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். கூரைச் செலவு, வரி வீதம், பஸ் நேரம் என்று பேச்சு நீண்டது. பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். எனக்கு நித்திரை வந்தது.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்து அந்தக் கனவான் எழும்பினார். சிவப்புக் கழுத்துத்துண்டு, தடித்த கோப்பு. நகரத்தோடு சேரச் சொல்லுகிற கட்சி. கோப்பைத் தட்டித் தட்டிப் பேசினார். கடைசியில் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"வாடகைக்கு இருப்பவர்கள் குளம் வேண்டும் என்று சொல்வது மிகவும் எளிது. இந்த வரியை அவர்கள் கட்டுவதில்லையே."

என் கணவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இரும், இரும்" என்று சட்டைக் கையைப் பிடித்தார். இருப்பேனா? எழும்பிவிட்டேன். மைக் வந்தது.

"ஐயா," என்றேன், "இந்த ஊரில் பதினெட்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். ஒவ்வொரு வருடமும் வீட்டுக்காரர் மேலதிகச் செலவுக் கணக்கு அனுப்புவார். குப்பைக் காசு, தண்ணீர்க் காசு, அதோடு இந்த வரியும் இருக்கும். கடைசிச் சதம்வரை நாங்கள்தான் கட்டினோம். இப்போது சொந்த வீடு, இப்போதும் கட்டுகிறேன். நான் பேசலாமா, அல்லது உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?"

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். கைதட்டல் எழும்பியது. நல்ல பிள்ளையாக அதோடு இருந்திருக்கலாம். ஆனால் கோபம் இன்னும் மீதி இருந்தது, ஜெர்மனும் மீதி இருந்தது.

"வரியைக் கூட்டுங்கள்!" என்றேன். "என் வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் பாதிக் குளம் நீந்துவேன். மற்றப் பாதியை நகரத்து ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்களா? என் கோயில் திருவிழாவில் ஒரு நாள் செலவை என் வீடு ஏற்கிறது. யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அது எங்கள் நாள் என்று என் புருசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். இந்தக் குளமும் எங்களுடையது. எங்களுடையதற்கு நாங்கள் கட்டுவோம்!"

என் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். உலகத்தில் எந்தக் கூட்டத்திலாவது ஒருத்தி எழும்பி எனக்கு வரியைக் கூட்டுங்கள் என்று கேட்டிருப்பாளா என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆனாலும் நின்றபடியே நின்றேன்.

சுவரோரம் இருந்து நீச்சல் அம்மா எழும்பினார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"அந்தக் குளத்தில் நீந்தப் பழகினவர்கள் எல்லோரும் எழும்புங்கள்."

முதலில் வியாழக்கிழமைப் பெண்கள். பிறகு தீயணைப்புப் படைப் பொடியன்கள் ஒரு வரிசையாக. பிறகு தாய்மார், தாடிக்காரர்கள், பேக்கரிக்காரி, மேடையில் இருந்த மேயரும் சிரித்துக்கொண்டு எழும்பினார். நாற்காலிகள் கிறீச்சிடுகிற சத்தம் நிற்கவே இல்லை. முன்வரிசைக் கனவான் மட்டும் கோப்பைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்.

நீச்சல் அம்மா அவரை நோக்கி விரலை நீட்டினார். "நீயும்தான். முதல் நாள் வாசலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் மறக்கவில்லை."

பாவம் மனிதர், காதுவரை சிவந்துபோய் எழும்பினார். மண்டபம் அதிரச் சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்துவிட்டார், சும்மா சொல்லக்கூடாது.

வீட்டுக்கு வந்து, கணவர் கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் கேட்டார்.

"நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறன் எண்டு ஏன் அவைக்குச் சொன்னனீர்?"

"நடக்கிறேல்லையே?"

"நடக்கிறன்தான்," என்றார்.

மறுநாள் காலையிலேயே பீலெஃபெல்ட் நகரத்தில் இருந்து ஓர் அக்கா தொலைபேசி எடுத்தார். எங்கள் கோயில் சிநேகிதம். கதை எப்படித்தான் அதற்குள் அங்கே போனதோ!

"எடியே, நீயோ சனத்துக்கு முன்னால எழும்பி வரியைக் கூட்டச் சொன்னனீ? உனக்கென்ன விசரே?"

"ஓம் அக்கா, நான்தான்."

"அந்த மனுசன் உன்னை வீட்டால கலைக்கேல்லையே?"

"அவருக்கு ஏலாது அக்கா. வீடு ரெண்டு பேரின்ர பேரிலயும் கிடக்கு."

அக்கா சிரித்த சிரிப்பில் நான் தொலைபேசியைக் காதில் இருந்து தள்ளிப் பிடிக்க வேண்டி வந்தது.

வாக்கெடுப்பு நாளில் நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். அவர் தன் மறைப்புக்குள் போனார், நான் என் மறைப்புக்குள் போனேன். எதற்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்னேரம் நகரசபைக் கூடத்தில் முடிவு வந்தது. தனியாகவே இருப்போம் என்ற பக்கம் வென்றது, அதுவும் நூலிழையில் அல்ல, நல்லாகவே வென்றது. நான் பொரித்துக்கொண்டு போயிருந்த றோல்ஸ் தட்டு கண்மூடித் திறப்பதற்குள் காலி. கோப்புக் கனவானும் இரண்டு எடுத்தார். உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.

கூரையும் கொதிகலனும் மாற்றும்வரை குளம் பூட்டிக் கிடந்தது. திறந்த முதல் வியாழக்கிழமை நான்தான் முதலில் தண்ணீரில் இறங்கினேன். சில வாரம் கழித்து, இந்தக் கரையில் குதித்து, அந்தக் கரையைத் தொட்டேன். நடுவில் கை சுவரைத் தேடியது, நான் கொடுக்கவில்லை. ஆழத்துக்கு மேலாகப் போகும்போது கீழே பார்த்தேன். நீலத் தரை தெரிந்தது, அவ்வளவுதான். கரையைத் தொட்டதும் நான் போட்ட கூச்சலுக்கு, சிரிக்காத அந்த அம்மா சிரித்தார். இங்கே நீந்தப் பழகிய சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கடற்குதிரைச் சின்னத்தை என் கையில் வைத்தார். அன்றைக்கே நீச்சல் உடையில் தைத்துவிட்டேன்.

அந்த வருடத்து வரிக் கடிதம் வந்தபோது கணவர் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூடித்தான் இருந்தது. நான் வாக்குவாதத்துக்குத் தயாராக நின்றேன். அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த வியாழன் பெண்களின் நேரம் முடிந்து, எல்லோருக்கும் பொதுவான நேரம் தொடங்கியிருந்தது. நான் தலைமயிரைப் பிழிந்துகொண்டு கரையில் இருந்தேன். உடைமாற்றும் அறைக் கதவைத் திறந்துகொண்டு என் கணவர் வந்தார். புத்தம் புதிய நீச்சல் காற்சட்டை; விலைத்துண்டுகூட இடுப்பில் தொங்கியது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் படியில் இறங்கினார்.

"இதென்ன கூத்து?" என்றேன்.

"கூட்டின வரிக்கு நானும் குளத்தைப் பாவிக்கத்தானே வேணும்," என்றார்.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் மனிதருக்கு முகம் மாறிவிட்டது. பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். அந்தப் பிடியை எனக்குத் தெரியும். படகில் எனக்குப் பக்கத்தில் இருந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர் இவர்தான். இத்தனை வருடமாகத் தனக்கும் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மறுபடி தண்ணீரில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"விடுங்கோ," என்றேன். "நான் நிக்கிறன்."

ஒன்றும் கேட்காமல், அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.